ஆல்ஜினேட் தூளின் சேமிப்புச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் பக்கத்து ஆய்வகங்களுக்கு வரும் புதியவர்கள், எங்கள் காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். லேபிள் ஒட்டாதது, தேதி குறிக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு முறை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும். கட்டக்கோரை என்ற கடற்பாசியிலிருந்து எடுக்கும், கரைசலைக் கெட்டியாக்கும் தூளான சோடியம் ஆல்ஜினேட்டை வைத்தே சொல்கிறேன். சேமிப்பில் அதன் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் மெல்ல அறுபடும். கரைசலின் பாகுநிலை, அதாவது பாகுபோல் கெட்டியாக இருக்கும் தன்மை, குறையும். மாதாமாதம் நாம் அளப்பது அந்தக் குறைவைத்தான்.

ஒரே புட்டியைத் திரும்பத் திரும்பத் திறப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு புட்டி நிறையத் தூளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் அதையே திறந்து ஒரு கிராம் எடுப்பார்கள். ஜன்னலுக்கு அப்பால் கடல். ஐப்பசி, கார்த்திகையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஆல்ஜினேட் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தூளில் 10 சதவீதமாக இருந்த நீர் 18 சதவீதமானால், எடைபோட்ட ஒரு கிராமில் உண்மையான ஆல்ஜினேட் 0.90 கிராமிலிருந்து 0.82 ஆகிவிடும். செறிவு சற்றுக் குறைந்தாலே பாகுநிலை அதைவிட வேகமாக இறங்கும். சங்கிலி எதுவும் அறுபடாமலேயே ‘சிதைந்துவிட்டது’ என்று அறிக்கை போய்விடும்.

ஒரு பையன் அப்படித்தான் எழுதி அனுப்பினான். சரக்குக்காரர் பதறிப்போய் மூட்டைகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். பிறகு மிச்சத் தூளில் ஒரு சிட்டிகையை 105 டிகிரியில் உலர்த்தி, நீரின் அளவைக் கழித்து, மீதித் தூளில் கூடுதலாக எடைபோட்டுக் கரைத்துப் பார்த்தோம். முதல் நாள் மதிப்புக்குப் பக்கத்திலேயே நின்றது! போன பணம் போனதுதான். (உலர்த்திய தூளையே கரைக்காதீர்கள், அந்தச் சூடும் சங்கிலியை அறுக்கும்.)

எத்தனை முறை அளக்கப்போகிறீர்களோ, அத்தனை சிறு குப்பிகளில் முதல் நாளே பிரித்து இறுக மூடுங்கள். திறந்த குப்பி மறுபடி அலமாரி ஏறக் கூடாது. ஒவ்வொரு முறையும் நீரளவைப் பாருங்கள். பாலித்தீன் பையை நம்ப வேண்டாம். நீராவி அதற்குள்ளும் மெல்லப் புகும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறப்பது

அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

உப்பளத்து உப்பு

சோதனையின்போது தூளைச் சுற்றியுள்ள காற்றின் ஈரம் மாறாமலிருக்க, மூடிய கலத்தில் நிறைவுற்ற (இனி உப்புக் கரையாத அளவுக்குக் கலந்த) உப்புக் கரைசலை வைத்தால் உள்ளே சுமார் 75 சதவீத ஈரப்பதம் நிலைத்து நிற்கும். செலவில்லாத நல்ல வழி. ஆனால் வாலிநோக்கம் பக்கம்தானே உப்பளம் என்று கல்லுப்பை அள்ளிவருகிறார்கள். அதில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருந்தால் ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கிவிடும். ஆய்வகத் தர உப்பே வேண்டும். கரையாத உப்பு அடியில் எப்போதும் கிடக்க வேண்டும்.

‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவது

யாருடைய அறை? டிகிரியை எழுதுங்கள்.

அவசரத்துக்குச் சூட்டை ஏற்றுவது

மருந்துகளின் விரைவுச் சோதனைக்கு 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், 6 மாதம் என்பது சர்வதேச வழிகாட்டுதல். இங்கே சிலர் தூளை 80 டிகிரி அடுப்பில் ஒரு வாரம் வைத்துவிட்டு, இரண்டு ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சூட்டில் தூள் காய்ந்தும் போகிறது. ஈரக் கிடங்கில் நடக்கும் சிதைவு வேறு. அப்படிப்பட்ட தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.