கொரிய வரலாற்றுக் கதைகளைப் பிள்ளைகளுக்குத் தரும்போது நாம் சறுக்கும் இடங்கள்

கொரியத் தொடர்களும் பாட்டும் வீட்டுக்குள் வந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கொரியக் கதைப் புத்தகங்களையும் கேட்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். வாங்கித் தருகிற நாம்தான் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று சொல்லாமல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவதுதான் பெரிய தவறு. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. 1940இல் கொரியர்களை ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள். இது தெரியாவிட்டால், லிண்டா சூ பார்க் எழுதிய ‘வென் மை நேம் வாஸ் கியோகோ’வில் சுன்-ஹீ ஏன் கியோகோ ஆகிறாள் என்பது பிள்ளைக்கு எப்படிப் புரியும்? அதில் கொரியர்களின் அடையாளமான முகுங்ஹ்வா மரங்களைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வருகிறது. அம்மா ஒரே ஒரு கன்றை மட்டும் ஒளித்துக் காப்பாற்றுகிறாள். முகுங்ஹ்வா நம் செம்பருத்திக்குச் சொந்தக்காரப் பூ. அந்த இடம் வரும்போது வாசல் செம்பருத்தியைக் காட்டிப் பேசுங்கள்.

அடுத்தது, யார் சொல்கிற கதை என்று பார்க்காமல் விடுவது. யோகோ கவாஷிமா வாட்கின்ஸின் ‘சோ ஃபார் ஃப்ரம் த பேம்பூ குரோவ்’, 1945இல் கொரியாவின் வடக்கிலிருந்து தப்பி ஓடும் ஜப்பானியச் சிறுமியின் கதை. அவள் பட்ட பாட்டைப் படித்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் ஜப்பானியர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று சொல்லாவிட்டால், கொரியர்கள்தான் கொடியவர்கள் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். பாஸ்டன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதைப் பாடமாக வைத்தபோது, 2006இல் கொரிய வம்சாவளிப் பெற்றோர் எதிர்த்தது இதனால்தான். ஒதுக்கிவைக்க வேண்டாம். கியோகோவின் கதையை முதலில் படிக்கட்டும், அப்புறம் இது.

அமெரிக்காவில் வளரும் கொரியப் பிள்ளையின் கதையைப் படித்துவிட்டு, சியோலிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அது வேறு வாழ்க்கை, வேறு தவிப்பு.

கடைசியாக, நமக்கே உரிய ஒரு தவறு. அவர்களும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றதும், கொரியாவுக்குப் போன தமிழ் இளவரசி கதையை வரலாறாகவே சொல்லிவிடுகிறோம். 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான ‘சாம்குக் யூசா’, ராணி ஹோ ஹ்வாங்-ஓக் ‘அயுதா’ என்ற நாட்டிலிருந்து கடல் வழியே வந்தாள் என்கிறது. அது தமிழ்நாடு என்று அதில் இல்லை. கதையாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் ரசிப்பார்கள். நடந்த வரலாறு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.