ரீபூட் செய்யத் தயங்கும் சர்வருக்கு அப்டேட் போடுவது எப்படி?

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வரில் அப்டேட் போட்டுவிட்டு மாதக்கணக்கில் ரீபூட் செய்யாமல் இருந்தால், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிஸ்க்கில் இருக்கும், ஓடுவதோ பழையது. 2016 அக்டோபரில் தெரியவந்த ‘டர்ட்டி கவ்’ பிழை 2007 முதலே லினக்ஸ் கெர்னலில் இருந்தது. அதை வைத்துச் சாதாரணப் பயனர்கூட ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தைப் பிடிக்க முடிந்தது. இப்படிப்பட்ட ஓட்டைக்குத் திருத்தத்தை நிறுவினால் மட்டும் போதாது, புதிய கெர்னல் ஓட வேண்டும்.

படி 1: ‘அப்டைம்’ கட்டளை கொடுத்து, சர்வர் எத்தனை நாளாக ஓடுகிறது என்று பாருங்கள். அப்புறம் ‘யுனேம் -ஆர்’ காட்டும் கெர்னல் பதிப்பை, பூட் கோப்புறையில் உள்ள புதிய பதிப்போடு ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தால் ரீபூட் பாக்கி இருக்கிறது.

படி 2: பேக்கப் எடுங்கள். அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள்.

படி 3: ரொம்ப நாள் ரீபூட் ஆகாத சர்வர் என்றால், அப்டேட் போடும் முன்பே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். யாரோ கையால் தொடங்கிவிட்டு ‘எனேபிள்’ செய்ய (ரீபூட் ஆனதும் தானாகத் தொடங்க வைக்க) மறந்த சர்வீஸ், எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எப்போதோ விழுந்த எழுத்துப்பிழை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அப்டேட்டும் ரீபூட்டும் ஒரே இரவில் நடந்தால், எது கெடுத்தது என்றே தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வராமல் போனால் உள்ளே நுழைய, சர்வரின் திரையை நேரடியாகக் காட்டும் கன்சோல் வழி வேலை செய்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 4: ‘ஆப்ட் அப்டேட்’, பிறகு ‘ஆப்ட் அப்கிரேட்’. மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரி மாறியிருந்தால், அதைப் பயன்படுத்தும் வெப் சர்வர் பழைய பிரதியையே நினைவகத்தில் வைத்திருக்கும். எந்தெந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை ‘நீட்ரீஸ்டார்ட்’ காட்டும். இதற்கு முழு ரீபூட் தேவையில்லை.

படி 5: கெர்னலும் மாறியிருந்தால், பயனர்களிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு ரீபூட் செய்யுங்கள். மேலே வந்ததும் ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்’ கொடுத்து, எதுவும் விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

சரி, லைவ்பேட்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அது கெர்னலின் முக்கியமான சில ஓட்டைகளைத்தான் ஓடும்போதே அடைக்கும். ரீபூட்டைத் தள்ளிப்போட உதவும், அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூடச் சேவை நிற்கக்கூடாது என்றால் வரும் கோரிக்கைகளைப் பகிர்ந்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர்களை வையுங்கள். ஒன்றை விலக்கி, அப்டேட் போட்டு, ரீபூட் செய்து, சோதித்துத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.