பெரிய டயர் போட்ட பிறகு ஆட்டோமேட்டிக் கியர் தடுமாறுதா? கியர் பாக்ஸை இறக்கும் முன்னால் இதையெல்லாம் பாருங்க

சத்தியமங்கலத்துக்குத் தெற்கே எனக்கு மஞ்சளும் வாழையும். மேலே தாளவாடியில் தம்பியோடு சேர்ந்து கொஞ்சம் குத்தகை நிலம். வாரத்துக்கு ரெண்டு நடை திம்பம் மலைப்பாதை ஏறி இறங்குகிற பிழைப்பு. வண்டி டீசல், நாலு வீல் டிரைவ், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ரெண்டு வருசம் ஒரு குறை சொல்ல முடியாமல் ஓடிக்கொண்டிருந்ததை நானேதான் கெடுத்தேன். "ஏனுங் மாமா, வண்டி நெம்பக் குட்டியாத் தெரியுதுங்க" என்று அக்கா மகன் நாலு மாசம் நச்சரித்து 285/70 ஆர்17 மட் டயர் மாட்ட வைத்தான். மாட்டின அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மூணாம் நாள் உர மூட்டை ஏற்றிக்கொண்டு பண்ணாரி தாண்டி ஏறினேன். நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே ஆரம்பித்துவிட்டது. மூணுக்குப் போகும், மூச்சு முட்டி ரெண்டுக்கு இறங்கும், உறுமும், மறுபடியும் மூணுக்குப் போகும். 27 வளைவும் முடிவதற்குள் என் கழுத்து வலித்தது. கீழே வந்து ஒரு பட்டறையில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் போச்சுங்க, இறக்கீர்லாம்" என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். வீட்டில் வந்து சொன்னால், என் சம்சாரம் மஞ்சள் புடைத்துக்கொண்டே கேட்டாள்: "டயர் மாத்துனதுல இருந்துதானே இப்புடி? அப்பப் பாக்ஸ எதுக்குங்க பிரிக்கோணும்?"

அந்தக் கேள்வியில் தொடங்கி நான் ஒவ்வொன்றாய்ப் பார்த்து வந்த வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், டயருக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். நாம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம், பாக்ஸை விட்டு வெளியே போகிற தண்டு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, முக்கியமாக இந்த ரெண்டையும் வைத்துத்தான் கம்ப்யூட்டர் எந்தக் கியர் என்று முடிவு செய்கிறது. கம்பெனி போட்ட டயர் அளவுக்கு ஏற்றபடி அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் வண்டியில் வந்தது 255/65 ஆர்18. குறுக்களவு 789 மில்லிமீட்டர் வரும். புதுசு 831. ஆக 5.3 சதவீதம் பெருசு. சின்ன சைக்கிளில் செயினும் பல்லும் அப்படியே இருக்க, சக்கரத்தை மட்டும் பெருசாக்கி மேடு ஏறினால் எப்படி இருக்கும்? ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும், ஆனால் தொடை கழன்றுவிடும். அதேதான். இன்ஜின் கொடுக்கிற இழுவை தரையைத் தொடும்போது 5 சதவீதம் குறைந்துவிடுகிறது.

அதோடு எடை. மஞ்சள் மூட்டை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய வீல் ரிம்மோடு 29 கிலோ, புதுசு 39. பின்னால் ஏற்றுகிற மூட்டையை இழுத்தால் மட்டும் போதும். சுற்றுகிற எடையை இழுக்கவும் வேண்டும், ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் சுழற்றி வேகமேற்றவும் வேண்டும். இவ்வளவுக்கும் வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயர்ந்தது என்றால் 21 மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரல் அகலம்! அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது பேச்சை மாற்றிவிட்டான்.

இப்போது தடுமாற்றம் எப்படி வருகிறது என்று புரியும். மேட்டில் இழுவை போதாததால் கால் தானாக இன்னும் கொஞ்சம் மிதிக்கிறது. "சரி, பலம் கேட்கிறார்" என்று கம்ப்யூட்டர் ரெண்டாம் கியருக்கு இறக்குகிறது. வண்டி குதிக்கிறது, நாம் காலைத் தளர்த்துகிறோம், அது மூணுக்கு ஏற்றுகிறது. மூணில் இழுவை இல்லை. மறுபடியும் முதலிலிருந்து. பாக்ஸுக்குள் ஒரு பல்லும் உடையாமலே இத்தனை கூத்தும் நடக்கும்.

சரி, நம் வண்டிக்கு வந்திருப்பது இந்தத் தடுமாற்றம்தானா, நிசமான பாக்ஸ் கோளாறா? பணம் மிச்சமாவதும் போவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். சிரிக்க வேண்டாம். மழைக்குப் பிறகு தாளவாடித் தோட்டத்து இட்டேரியில் சேறு என்று 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, திரும்ப அடிக்க மறந்து அப்படியே ஒரு நாள் திம்பம் ஏறினேன். அன்றைக்கு ஆடின ஆட்டத்தில் பாதி அதனால்தான். தார் ரோட்டுக்கு வரும் முன் காற்றடித்துக்கொள்ள, பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரசர் ஒன்றைச் சீட்டுக்கடியில் போட்டு வையுங்கள்.

அடுத்தது ஒரு எளிய சோதனை, எந்தப் பட்டறையும் எனக்குச் சொல்லாதது. சமதள ரோட்டில், மேனுவல் மோடில் நாலாம் கியரில் வைத்து, ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்படி ஒரே சீராக ஓட்டி ஆர்பிஎம் எவ்வளவு என்று பாருங்கள். டயர் மாற்றுவதற்கு முன்னால் இருந்த அளவே இருந்தால் பாக்ஸ் வழுக்கவில்லை. ஏனென்றால் ஸ்பீடாமீட்டர் எண்ணுவது சக்கரம் சுற்றுகிற சுற்றைத்தான், ரோட்டை அல்ல. சக்கரத்தின் சுற்றுக்கும் இன்ஜினின் சுற்றுக்கும் நடுவில் இருப்பது பாக்ஸும் பல்சக்கரங்களும்தான், அந்த விகிதத்தை டயர் மாற்றாது. அதே 60-க்கு ஆர்பிஎம் நிலையாகக் கூடியிருந்தால் மட்டுமே உள்ளே எங்கோ வழுக்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பழைய அளவுக்கு எங்கே போவது? போன வருசம் வால்பாறைக்குப் போனபோது ஆழியாறு தாண்டுகிற வரை அக்கா மகன் டேஷ்போர்டையும் சேர்த்து வீடியோ எடுத்திருந்தான். அதில் நாலாம் கியர், 60, முள் 1,700-ஐ ஒட்டி நின்றது. இப்போதும் அங்கேயேதான். அவன் போன் அன்றைக்குத்தான் உருப்படியான ஒரு சோலி பார்த்தது.

முள்ளைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கியர் மாறினால் முள் 500, 600 என்று நன்றாகவே தாவும். சில நேரம் 200 போல லேசாக இறங்கி ஏறும், கியர் எண் மாறாது. அது டார்க் கன்வர்ட்டருக்குள் (இன்ஜின் இழுவையை எண்ணெய் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) இருக்கிற, ரெண்டையும் நேராகப் பூட்டுகிற லாக்கப் கிளச் பிடிப்பதும் விடுவதும். பெரிய டயரில் இதுவும் அடிக்கடி நடக்கும். ஓட்டுகிறவருக்கு ரெண்டும் ஒன்று போலத்தான் உதறும், ஆனால் லாக்கப் விட்டுவிட்டு ஓடுகிற நேரமெல்லாம் எண்ணெய் சூடாகிக்கொண்டே இருக்கும்.

நிற்கும்போதும் கிளம்பும்போதும் "டொக்" என்று அடித்தால் அடியில் படுத்துப் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, புரொப்பெல்லர் தண்டைக் கையால் முன்னும் பின்னும் திருகுங்கள். யூனிவர்சல் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் கைக்கே தெரியும். கனமான டயர் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும். பாக்ஸ் மேல் விழுகிற பழியில் பாதி இந்த ஜாயிண்டுக்குச் சேர வேண்டியது.

இனி நிசமான கோளாறு. ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பார்க்கிலிருந்து டிரைவுக்குத் தள்ளினால் ரெண்டு மூணு நொடி கழித்துத்தான் பிடிக்கிறது. எண்ணெய் பழுப்பாகித் தீய்ந்த வாடை அடிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் மலை ஏறாதீர்கள். விவரம் தெரிந்த ஆளிடம் நேராகப் போங்கள்.

எண்ணெய் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இப்போது வருகிற பல பாக்ஸ்களில் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியே கிடையாது. வண்டியைச் சமமாக நிறுத்தி, இன்ஜின் ஓட, லீவரை எல்லா நிலைக்கும் ஒரு முறை கொண்டுபோய் வந்து, எண்ணெய் கையேட்டில் சொன்ன சூட்டில், பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டி, இருக்கும்போது அடியில் உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றி அளவு பார்க்க வேண்டும். மலை இறங்கி வந்த சூட்டோடு கழற்றினால் விரிந்திருக்கிற எண்ணெய் வழிந்து கொட்டும். "அதிகமா இருந்துச்சுங்க" என்று மூடிவிடுவார்கள். ஆறினதும் அளவு குறைந்து கிடக்கும், அப்புறம் நிசமாகவே வழுக்க ஆரம்பிக்கும். இன்னொன்று, சிவப்பாக இருக்கிற எண்ணெயெல்லாம் ஒன்றல்ல. பவர் ஸ்டீரிங்குக்கு ஊற்றுவதை இதில் ஊற்ற வந்த ஒருவரை நானே கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். கையேட்டில் என்ன குறியீடு போட்டிருக்கிறதோ அதுதான். மலையும் பாரமும் என்றால் கையேட்டில் கடின உபயோகத்துக்கு என்று எண்ணெய் மாற்றத் தனியாக ஒரு கெடு இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடோமீட்டரும் இப்போது 5 சதவீதம் குறைத்துத்தான் காட்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அது 10,000 என்றால் நிசத்தில் 10,500-ஐத் தாண்டியிருக்கும். "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துருச்சு" என்று புலம்புவதிலும் ஒரு பங்கு இந்தக் கணக்குக் கோளாறுதான்.

அடுத்து, கம்ப்யூட்டருக்குப் புது டயர் அளவைச் சொல்லிக் கொடுப்பது. ஸ்கேன் டூல் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற கருவி) வைத்திருக்கிற இடத்தில் டயர் சுற்றளவை மாற்றச் சில வண்டிகள் விடும், சில விடாது. விட்டால் மாற்றிவிட்டு, பாக்ஸ் இத்தனை நாள் பழகி வைத்திருக்கிற அளவுகளையும் அழித்துப் புதுசாகப் பழகச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் மெதுவாக, எல்லாக் கியரும் போய் வருகிற மாதிரி ஓட்ட வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்கப் போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துச் சோதியுங்கள். பெரும்பாலும் ஸ்பீடாமீட்டர் கம்பெனியிலிருந்து வரும்போதே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதனால் பெரிய டயர் போட்டதும் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போவது போல் தெரிந்து ஏமாற்றும். டயர் மாற்றும் முன்பே ஒரு தடவை பார்த்து எழுதி வைப்பது உத்தமம். நான் எழுதி வைக்கவில்லை. இந்தத் திருத்தத்தால் மீட்டர் சரியாகும், கியர் மாறும் நேரமும் கொஞ்சம் நேராகும். போன இழுவை மட்டும் திரும்பாது. அதைத் திருப்ப வேண்டுமென்றால் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் (சக்கரங்களைச் சுழற்றுகிற கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதத்தை மாற்ற வேண்டும். 3.73 இருக்கிற வண்டியில் 4.10 போட்டால் 10 சதவீதம் திரும்பக் கிடைக்கும். நாலு வீல் டிரைவில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே விகிதம் போட்டாக வேண்டும், செலவும் ரெண்டு மடங்கு. 35 இஞ்ச் டயர் என்றால், எங்கள் பழைய அளவோடு ஒப்பிட 13 சதவீதம் பெருசு, இது இல்லாமல் ஆகாது. என் 5 சதவீதத்துக்கு இது வீண் செலவு.

நான் மாற்றிக்கொண்டது ஓட்டுகிற விதத்தைத்தான். பண்ணாரி தாண்டி மேடு தொடங்கும் முன்பே லீவரை மேனுவலுக்குத் தள்ளி ரெண்டில் நிறுத்திவிடுவேன். வளைவுக்குள் நுழையும் முன் காலை எடுத்து, வளைவு பாதி திரும்பினதும் மெதுவாகக் கொடுப்பேன். மூணு கேட்கிற மாதிரி நீளமான நேர் ரோடு வந்தால் மட்டும் மூணு. ஓபிடி டாங்கிள் (வண்டியின் கம்ப்யூட்டர் விவரங்களைப் போனில் காட்டுகிற சின்னக் கருவி) ஒன்று வாங்கிச் செருகி எண்ணெய்ச் சூட்டைப் பார்த்தேன் (எல்லா வண்டியும் இதைக் காட்டாது). டிரைவில் விட்டு ஏறின நாள் உச்சியில் 118 டிகிரி. அடுத்த நடை அதே பாரத்தோடு ரெண்டில் ஏறினேன், 97. அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு டிரைவில் ஏறவே மனசு வரவில்லை. டிராலி இழுப்பவர்களும் நாள் முச்சூடும் மலையில் இருப்பவர்களும் தனியாக ஒரு எண்ணெய்க் கூலர் வைத்துக்கொள்வது நல்லது.

இறங்கும்போதும் ரெண்டு, மூணுதான். நியூட்ரலில் உருட்டாதீர்கள். கனமான சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பழைய பிரேக்தான் இருக்கிறது. இன்ஜின் பிடித்துக் கொடுக்கிற உதவியையும் விட்டுவிட்டால் வளைவில் எதிரே லாரி வரும்போது நிற்காது. ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள், நடுவில் நின்று மறுபடி கிளம்புவது அவர்களுக்குத்தான் சிரமம். ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரியை யானை மறித்து ரோடே நின்றிருந்தால், பார்க்கில் போட்டுக் காத்திருங்கள். டிரைவில் பிரேக்கை மிதித்தபடி அரை மணி நேரம் நிற்பது சும்மாவே எண்ணெயைக் காய்ச்சும்.

தோட்டத்துக் கல்லிலும் பள்ளத்திலும் 4எல் (நாலு சக்கரமும் இழுக்கிற, மெதுவான கியர்) போடுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். அங்கே இழுவை பெருகிவிடுவதால் கியர் ஆட்டம் சுத்தமாகக் காணாமல் போகும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் 4எச் (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகத்துக்கு), 4எல் ரெண்டும் வேண்டாம்.

ஸ்டெப்னி விசயத்தில் நான் செய்த தப்பு: நாலுதான் வாங்கினேன், ஐந்தாவது பழைய அளவு. ஒரு பொழுதோட தாளவாடியில் பஞ்சராகி அதை மாட்டினேன். ஒரே ஆக்ஸிலில் ரெண்டு அளவு இருந்தால் டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி) நிற்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அதோடு 4எச் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் முறுக்கிக்கொள்ளும். ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற 2எச்சிலேயே உருட்டிக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடை வரை மட்டும் போனேன். வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள்.

கம்பெனி அனுமதித்த அளவை மீறினால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரலாம். வாரண்டி, இன்சூரன்ஸ் ரெண்டையும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வண்டி இப்போது ஆடாமல் ஏறுகிறது, பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடப் பிரிக்கவில்லை. பழைய வீல்களை மஞ்சள் கொட்டாயில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். விற்றுவிடலாம் மாமா என்று அக்கா மகன் ரெண்டு தடவை ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். விலை கட்டவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.