ஒரே கேரட், மூன்று பாட்டில்: சூடும் உப்பும் லாக்டிக் பாக்டீரியாவை என்ன செய்கின்றன?

சித்திரை மாதத்தில் சேலத்தில் கரைத்து வைத்த இட்லி மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். அதே மாவு மார்கழியில் ஏற்காட்டில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதில் குறைந்த சூடுதான் காரணம். சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிப் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாவின் இந்த வித்தியாசத்தை அளந்து பார்க்க, இட்லி மாவை விட உப்புநீரில் புளிக்கும் கேரட் வசதி. உப்பையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம்.

ஒரு லிட்டர் அகலவாய்க் கண்ணாடி பாட்டில் மூன்று, கேரட் 1,200 கிராம், கல்லுப்பு, ஒரு கிராம் வரை காட்டும் தராசு, தெர்மாமீட்டர், 3 முதல் 6 வரை மட்டும் அளக்கும் பி.எச். தாள் வேண்டும் (பி.எச். என்பது புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). 1 முதல் 14 வரை அளக்கும் தாளை வாங்காதீர்கள், 4-க்கும் 4.6-க்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது.

படி 1: தண்ணீர். சேலத்துக் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரண்டு லிட்டரைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, திறந்து வைத்து ஆறவிடுங்கள்.

படி 2: உப்பு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சதவீதத்தைத் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டால் கேரட்டில் இருக்கும் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். ஒரு பாட்டிலுக்குக் கேரட் 400 கிராம், தண்ணீர் 500 கிராம், ஆக 900. 2.5 சதவீதம் என்றால் 22.5 கிராம் உப்பு; 5 சதவீதம் என்றால் 45. கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பு ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு எடை காட்டும்.

படி 3: பாட்டில்கள். முதலாவது 2.5 சதவீதம், கூடத்தில். இரண்டாவதும் 2.5 தான்; ஆனால் தெர்மாகோல் பெட்டிக்குள், ஐஸ் ஆக்கிய தண்ணீர் பாட்டிலோடு, 20 டிகிரியை ஒட்டி. ஐஸைக் காலையும் மாலையும் மாற்ற வேண்டும். (ஏற்காட்டுக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் அடுப்படி மூலையே போதும்.) மூன்றாவது 5 சதவீதம், கூடத்தில். கேரட்டைக் கழுவி விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். குமிழ் ஒட்டியதும் துண்டுகள் மேலே வரும். சிறு கண்ணாடிக் கிண்ணத்தால் அழுத்தி வையுங்கள். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து பாட்டில் உடையலாம்.

படி 4: அளவு. தினமும் ஒரே நேரத்தில் சுத்தமான கரண்டியால் கொஞ்சம் எடுத்துப் பி.எச்., வெப்பம் இரண்டையும் எழுதுங்கள். 32 டிகிரிக் கூடத்தில் மறுநாளே குமிழ் வரும், மூன்று நான்கு நாளில் 4-க்குக் கீழே இறங்கும். குளிர்ப் பெட்டி ஒரு வாரமாவது எடுக்கும். ஆனால் வாசனை அதில்தான் அருமை. லியூகோனாஸ்டாக் என்ற லாக்டிக் இனம் முதலில் நிதானமாக வேலை செய்துவிட்டு, புளிப்பை அதிகம் தாங்கும் பிளாண்டாரம் என்ற இன்னொரு லாக்டிக் இனத்துக்கு இடம் விடுகிறது. சூட்டில் அந்த முதல் கட்டம் சுருங்கிவிடும். 5 சதவீதப் பாட்டில் முதல் பாட்டிலுக்குப் பின்தங்கும்.

மேலே மெல்லிய வெள்ளைப் படலம் ஈஸ்ட், வழித்து எறியலாம். பஞ்சுபோல் பூஞ்சையோ இளஞ்சிவப்போ தெரிந்தால் பாட்டிலையே கொட்டுங்கள். கூடத்தில் ஐந்தாம் நாளும் 4.6-க்கு மேலே நின்றால் அதுவும் குப்பைக்குத்தான்.

படி 5: அமிலத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்பது. இது கல்லூரி ஆய்வகத்தில் மட்டும். வீட்டில் கிருமி வளர்க்கக் கூடாது. புளிப்பு ஏறினால் மற்ற பாக்டீரியா அடங்கும், அது தெரிந்ததே. சில லாக்டிக் இனங்கள் மற்ற பாக்டீரியாவை அடக்கும் பாக்டீரியோசின் என்ற புரதங்களையும் விடுகின்றன. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் தரும் நைசின் 1928-லேயே கவனிக்கப்பட்டது, இன்று 234 என்ற உணவுச் சேர்க்கை எண்ணோடு உணவுக் காப்புப் பொருள்.

உப்புநீரை எம்.ஆர்.எஸ். அகாரில் (லாக்டிக் பாக்டீரியாவை வளர்க்கும் கூழ் ஊடகம்) இழுத்துத் தனிக் காலனி எடுங்கள். 10 மி.லி. எம்.ஆர்.எஸ். குழம்பில் 0.1 மி.லி. விதைத்து 25, 30, 37 டிகிரியில் வையுங்கள். 6, 12, 18, 24 மணி நேரம் கழித்து எடுத்து மையவிலக்கியில் சுற்றி, செல்கள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் மேல்நீரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 6.5-க்குக் கொண்டுவந்து, ஹைட்ரஜன் பெராக்சைடை ஒழிக்கக் கேட்டலேஸ் சேர்த்து வடிகட்டுங்கள். மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்ற சோதனை பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் 6 மி.மீ. குழி போட்டு 0.1 மி.லி. விட்டால், மறுநாள் குழியைச் சுற்றித் தெளிந்த வட்டம் வருகிறதா என்று பார்க்கலாம். பக்கத்துக் குழியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி சேர்த்த அதே நீர். அங்கே வட்டம் காணாமல் போனால்தான் பாக்டீரியோசின் என்று சொல்லலாம். ஈ.கோலை வைத்துச் சோதித்து வட்டம் வராமல் கைவிடுவோர் உண்டு; ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளுக்குக் கூடுதலாக உள்ள வெளிச்சவ்வை இந்தப் புரதங்கள் பெரும்பாலும் தாண்டாது.

நன்றாக வளரும் வெப்பமும் பாக்டீரியோசின் நன்றாகக் கிடைக்கும் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சாகேய் என்ற லாக்டிக் இனத்தின் ஒரு வகை 30 டிகிரியில் சாகசின் என்ற பாக்டீரியோசினைத் தரும். 34, 35-ல் வளர்ச்சி தொடரும், சாகசின் நின்றுவிடும். அது சேலத்துக் கோடையில் மின்விசிறி ஓடும் அறையின் சூடு.

18 மணி நேர மேல்நீரில் பெரிதாக இருந்த வட்டம் 24 மணி நேரத்தில் சுருங்கினாலும் பதற வேண்டாம். செல்களிலிருந்து வெளியான நொதிகள் புரதத்தை வெட்டியிருக்கலாம், அல்லது அது செல் சுவரில் ஒட்டியிருக்கலாம். செல்களைப் பி.எச். 2 நீரில் கலக்கிச் சுற்றி எடுத்தால், ஒட்டியது மேல்நீருக்கு வந்துவிடும்.