ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்: சி.டி.சி.யைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

முதல் வேலையிலிருந்து இரண்டாவது வேலைக்கு மாறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக ஒரு வருஷத்தில் செலவிடும் மொத்தத் தொகை, கைக்கு வரும் சம்பளம் அல்ல. நௌக்ரி வேலைத் தளத்தில் புரொஃபைல் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. பெரிய கம்பெனிகள் பலவற்றில் ரெஸ்யூமேவை முதலில் படிப்பது சாஃப்ட்வேர்தான். டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்த டிசைன்களில் அது தடுமாறும். கூகுள் டாக்ஸில் மேலிருந்து கீழாக எளிமையாக அடித்து பி.டி.எஃப் ஆக்குங்கள், போதும்.

2. எச்.ஆர் முதல் போனிலேயே வாங்கும் சி.டி.சி., எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் மூன்றையும் கேட்பார். வாங்குவதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பின்னால் பே ஸ்லிப் கேட்பார்கள். எதிர்பார்ப்பைச் சொல்லும் முன், "ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். ஃபிக்ஸட் உறுதியான தொகை; வேரியபிள் செயல்திறனைப் பொறுத்துக் கூடும், குறையும்.

3. பலரும் ஏமாறும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். சி.டி.சி. ஆறு லட்சம் என்றதும் மாதம் 50,000 வரும் என்று மனசு கணக்குப் போடும். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 20,000, வேரியபிள் வருஷத்துக்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம்.

கம்பெனி கட்டும் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம்: வருஷத்துக்கு 28,800. கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம்: 11,544. வேரியபிளையும் சேர்த்தால் 1,00,344 ரூபாய் மாதச் சம்பளத்தில் வராது. மீதி 4,99,656, மாதம் 41,638. அதில் உங்கள் பங்கு பி.எஃப் 2,400 போனால் 39,238. தொழில் வரி வேறு உண்டு.

இதற்கு ஆன்லைன் கால்குலேட்டர் வேண்டாம். பேசிக் எவ்வளவு என்பதைப் பல கால்குலேட்டர்கள் தாங்களே ஊகித்துக்கொள்கின்றன. எச்.ஆரிடம் பிரேக்-அப் ஷீட்டை (சி.டி.சி.யின் பிரிவு வாரியான பட்டியல்) மெயிலில் வாங்கி, எக்ஸலில் நீங்களே போடுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

4. சேரும் தேதி, விலகிய தேதி எல்லாம் யு.ஏ.என் (உங்கள் பி.எஃப் அடையாள எண்) கணக்கில் பதிவாகும். பின்னணிச் சரிபார்ப்பில் அதையும் பார்ப்பார்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பி.எஃப்பை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ அமைப்பின் தளத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

பின்சேர்க்கை: ஜாயினிங் போனஸ் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். வரி பிடித்த பிறகு கைக்கு வந்ததையா, முழுத் தொகையையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.