விமானத்தில் கிட்டார்: தலை உடையாமல் கொண்டுபோன விதம்

காரைக்குடியிலிருந்து திருச்சி போய் விமானம் ஏற்றிய என் எலெக்ட்ரிக் கிட்டார், தலை (கழுத்தின் நுனியில் தந்திகளை முறுக்கும் பகுதி) உடைந்து வந்தது. ஹார்ட் கேஸில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டி மல்லாக்க விழுந்தால் உடல் நின்றுவிடும், டியூனர்களின் (தந்தி முறுக்கும் திருகுகள்) கனத்தோடு தலை மட்டும் பின்னால் துள்ளும். தலை சாய்ந்த கிட்டார்களில் நட்டுக்கு (கழுத்தும் தலையும் சேருமிடத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) பின்னால் மரம் மெலிசு. விரிசல் அங்கேதான்.

இப்போது பழைய கண்டாங்கிச் சேலைதான் காவல். பருத்தி, நன்றாக அடங்கும். தலைக்கு அடியிலும் இரு பக்கமும் மேலேயும் மடித்து வைக்கிறேன். பெட்டியின் மூடியை அழுத்தாமலே மூட முடிய வேண்டும். திணித்தால் அதுவே தலையை வளைக்கும். மூடிவிட்டு லேசாக ஆட்டினால் உள்ளே 'டொக்' சத்தம் வரக்கூடாது.

தந்திகளை இரண்டு அரைச்சுரம் இறக்கினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். ட்ரெமலோ கம்பியை (சுருதியை அசைக்கும் கைப்பிடி) கழற்றித் துணியில் சுற்றுங்கள். ஆலன் கீ, கம்பி வெட்டி செக்-இன் பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில்.

திரும்பும் வழியில் கார் டிக்கியில் வெயிலில் விடவே விடாதீர்கள். நம்ம ஊர்ச் சூட்டில் கிட்டாரை ஒட்டிய பசை இளகும்.