கண்ணை எடுக்காமல் மாற்ற முடிகிறதா? ஃபிலிம் எஸ்எல்ஆர்களைக் கையில் பிடித்து ஒப்பிடுவது எப்படி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் உச்சி வெயில். ஐஎஸ்ஓ 400 (ஒளியுணர்வு எண்) ஃபிலிமுக்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் சிறியதானால் திறப்பு பெரிது) எஃப் 16 வைத்தால் சரியாக இருக்கும். இரண்டு எட்டு வைத்துக் கடைவீட்டு அஞ்சடிக்குள் (முன்புற நிழல் நடைபாதை) நுழைந்து, பூக்கட்டுபவர் பக்கம் கேமராவைத் திருப்பினால் ஐந்து ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) வெளிச்சம் இறங்கிவிடும். இப்போது 1/125, எஃப் 5.6 வேண்டும். ஷட்டர் டயலில் இரண்டு கிளிக், அப்பர்ச்சர் வளையத்தில் மூன்று ஸ்டாப். இதை வ்யூஃபைண்டரிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) கண்ணை எடுக்காமல் செய்ய முடிகிற கேமராதான் உங்கள் கைக்கு ஏற்றது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடி மூலம் காட்டும் கேமரா) வாங்கப் போனால், 50 மிமீ லென்ஸ் மாட்டித் தரச் சொல்லி இந்த ஒரு மாற்றத்தை ஒவ்வொரு கேமராவிலும் பத்து முறை செய்து பாருங்கள்.

நிக்கான் எஃப்எம்2-இல் ஷட்டர் டயல் மேலே வலப்பக்கம்; ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து திருப்ப வேண்டும். வ்யூஃபைண்டருக்குள் இடப்பக்கம் ஷட்டர் வேகம், மேலே சின்ன ஜன்னலில் அப்பர்ச்சர் எண், வலப்பக்கம் ஒளி கூடுதல், சரி, குறைவு எனக் காட்டும் கூட்டல், வட்டம், கழித்தல் என்று சிவப்பு விளக்குகள். மூன்றும் தெரிவதால் எங்கே நிற்கிறோம் என்ற குழப்பமே வராது. 1/4000 வரை போவதால் அதே வெயிலில் எஃப் 5.6 வரை திறக்கலாம். 1/1000-உடன் நின்றுவிடும் கேமராக்களில் எஃப் 11-ஐவிடப் பெரிதாகத் திறக்க முடியாது. ஒரு குறை உண்டு. ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்து வைத்தால்தான் ஷட்டர் வேலை செய்யும். இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நெற்றியிலோ மூக்குக் கண்ணாடியிலோ இடிக்கும். வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது இது.

ஒலிம்பஸ் ஓஎம்-1 முற்றிலும் வேறு. மேலே வலப்பக்கம் இருப்பதை ஷட்டர் டயல் என்று நினைத்துத் திருப்பப் போவார்கள். அது ஃபிலிம் வேகத்துக்கான டயல். ஷட்டர் வளையம் லென்ஸ் மவுண்ட்டை (லென்ஸ் மாட்டும் இடம்) சுற்றி இருக்கிறது, அதற்கு முன்னால் ஃபோகஸ், லென்ஸின் நுனியில் அப்பர்ச்சர். மூன்றையும் இடக்கையே பார்த்துக்கொள்ளும், வலக்கைக்கு அழுத்துவதும் நெம்புகோலை இழுப்பதும்தான் வேலை. முதல் நாள் தடுமாறும். பழகியபின் அஞ்சடிச் சோதனையில் இதற்குத்தான் எங்கள் ஓட்டு. எண்கள் எதுவும் உள்ளே தெரியாது, ஒளியளக்கும் மீட்டரின் ஊசி மட்டும்தான். ஆனால் வ்யூஃபைண்டர் அவ்வளவு பெரியது. மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் போட்டால் அளவு தப்பும். காதுகேள் கருவிக்கான 675 பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்டச் சரியாக வரும். ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் சில வாரங்களில் தீர்ந்துவிடும், உதிரி வைத்திருங்கள்.

பென்டாக்ஸ் கே1000-இல் டயல், ஊசி, அவ்வளவுதான். மீட்டருக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி மிஞ்சும்.

கேனான் ஏஇ-1-இல் அப்பர்ச்சர் வளையத்தை ‘ஏ’-வில் வைத்து ஷட்டரை மட்டும் மாற்றினால் அப்பர்ச்சரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும், அஞ்சடிக்குள் நுழைந்ததும் வேலை பாதிதான். கைமுறைக்கு மாறினால், ஊசி காட்டுவது பரிந்துரைக்கும் அப்பர்ச்சர் எண்ணை மட்டுமே. நீங்கள் வைத்திருக்கும் எண் உள்ளே தெரியாது, லென்ஸைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே அசையாது. மற்ற மூன்றும் பேட்டரி இல்லாமலும் சுடும். அழுத்தும்போது கீச்சென்று சத்தம் வந்தால் உள்ளிருக்கும் கண்ணாடியை இயக்கும் பற்சக்கரத்தின் எண்ணெய் வறண்டிருக்கிறது என்று பொருள்.

கை பழக்கத்தில் இன்னொன்று: நிக்கானும் பென்டாக்ஸும் ஃபோகஸ் வளையத்தை ஒரே திசையில் திருப்பும், கேனானும் ஒலிம்பஸும் எதிர்த்திசையில். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர் அதே திசையிலேயே வாங்குவது நல்லது.

பணம் கொடுக்குமுன் இயந்திர ஷட்டர் கேமராவை 1 விநாடியில் வைத்துச் சுடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த கேமராவில் மெதுவான வேகங்களே முதலில் சிக்கும். எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருக்கும். பின்கதவைத் திறந்து ஓரத்துப் பஞ்சைத் தொடுங்கள், விரலில் கறுப்பாக ஒட்டினால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒளி கசியும். லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்திவலை போல மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் அது பரவிக்கொண்டே போகும். வீட்டில் 40–50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த உலர் பெட்டி இல்லாமல் நல்ல லென்ஸ் வாங்குவதில் பயனில்லை.

முதல் ரோலைப் போட்டதும் கதவை மூடி, இடப்பக்கத்துக் கிராங்கை (ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் கைப்பிடி) சுற்றித் தளர்வை இறுக்குங்கள். பிறகு நெம்புகோலை இழுக்கும்போது அந்தக் கிராங்க் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிமின் நுனி பிடியிலிருந்து நழுவிவிட்டது. 36 படமும் எடுத்து முடித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, அப்போதே கதவைத் திறந்து மறுபடி மாட்டிவிடுங்கள்.